கறுத்துப்போன ஸ்டீயரிங் ஆயில்: ஆலத்தியூர் வாசகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஆலத்தியூர் நண்பருக்கு,

காலையில் வண்டியை எடுக்கும்போது ஸ்டீயரிங் முனகுகிறது, ஒடித்துத் திருப்பினால் உறுமுகிறது, டப்பாவைத் திறந்தால் ஆயில் கருங்காப்பி நிறத்தில் இருக்கிறது, பட்டறையில் பம்பையே மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் ஆயிலை மட்டும் வீட்டிலேயே மாற்றிப் பார்க்கலாமா என்பது உங்கள் கேள்வி. தாராளமாக மாற்றலாம். பம்புக்குப் பணம் எடுத்துவைக்கும் முன் மாற்றித்தான் பார்க்க வேண்டும். மாற்றினால் சத்தம் நின்றே தீரும் என்று மட்டும் நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். பழைய ஆயிலைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது உள்ளே எது தேய்கிறது, எங்கே காற்று நுழைகிறது என்பது தெரியவரும். பெரிய லாபம் அதுதான்.

உங்களுடையது டிஎன் 46 குவாலிஸ். அரியலூர் தனி மாவட்டமாகி டிஎன் 61 வருவதற்கு முன்பே பெரம்பலூரில் பதிவானது. குவாலிஸ் இந்தியாவில் விற்றது 2000 முதல் 2005 வரைதான். எப்படிப் பார்த்தாலும் உங்கள் வண்டிக்கு இருபது வயது தாண்டிவிட்டது. அந்தத் தலைமுறை வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குப் பலம் கொடுப்பது ஆயில். என்ஜின் பெல்ட் ஒரு சிறு பம்பைச் சுற்றுகிறது. பம்ப் ஆயிலை அழுத்தி ஒரு தடித்த ஹோஸ் வழியாக ஸ்டீயரிங் பாக்ஸுக்கு அனுப்புகிறது. நீங்கள் எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கம் ஆயில் போய்த் தள்ளிக்கொடுக்கிறது. வேலை முடிந்த ஆயில் மெல்லிய இன்னொரு ஹோஸ் வழியாக டப்பாவுக்குத் திரும்புகிறது. உங்கள் டயரில் இருப்பது முப்பது சொச்சம் பிஎஸ்ஐ காற்று. ஃபுல் கட் அடித்துப் பிடிக்கும்போது அந்தத் தடித்த ஹோஸுக்குள் அழுத்தம் ஆயிரம் பிஎஸ்ஐ வரை போகும். பம்ப் உறுமுவதும் ஆயில் சுடுவதும் அப்போதுதான்.

இந்த ஏற்பாடு பிறந்ததே லாரியால்தான். அமெரிக்காவின் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ், கனத்த வண்டிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் இதில் இறங்கினார். 1926லேயே ஓட்டிக் காட்டிவிட்டார். விற்பனைக்கு வந்த காரில் அது ஏறியது 1951ல், கிரைஸ்லர் இம்பீரியலில். உங்கள் ஊர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் டிப்பர்களிலும் இன்றைக்கும் இதே தத்துவம்தான். லாரிகளுக்கான ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கை ரானே குழுமத்தின் கூட்டு நிறுவனம் விராலிமலையில் தயாரிக்கிறது. கார்களில்தான் கதை மாறிவிட்டது. 1988ல் சுசுகி செர்வோவில் மின்மோட்டார் ஸ்டீயரிங் வந்தது. இப்போது வரும் புதுக் கார்களில் பெரும்பாலும் அதுதான். பக்கத்து வீட்டுப் புது வண்டியில் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைத் தேடினால் கிடைக்காது. இளைய மெக்கானிக்குகள் பலருக்கு இந்த ஆயிலோடு பழக்கம் குறைந்து வருவதற்கும் அது ஒரு காரணம்.

பழக்கம் இருந்த காலத்திலும் இதை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. என்ஜின் ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு உண்டு. ஸ்டீயரிங் ஆயிலுக்குப் பல வண்டிகளின் கையேட்டில் "அளவைப் பாருங்கள்" என்பதோடு சரி, "மாற்றுங்கள்" என்று இருக்காது. குறைந்தால் ஊற்றுவார்கள். இருபது வருடமாக அதே ஆயில் சுடுவதும் ஆறுவதுமாகச் சுற்றிச்சுற்றி வரும். வெப்பத்தில் அதன் வழுவழுப்பு போய்விடும். ஹோஸின் உட்புற ரப்பர் பொடிப்பொடியாகக் கழன்று கலக்கும், பம்பின் இரும்புத் துகளும் சேரும். கறுப்பு வருவது இப்படித்தான்.

உங்கள் ஊரில் இதற்கு மேல் ஒன்று உண்டு: தூசி. மெட்ராஸ் சிமெண்ட்ஸ், அதாவது இன்றைய ராம்கோ, 1997ல் ஆலத்தியூரில் ஆலை தொடங்கியது. அரியலூர் வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் லாரியுமாக இருக்கிறது. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன் கடலாக இருந்த நிலம் பொடியாகி உங்கள் பானெட்டுக்குள் வந்து படிகிறது. சுண்ணாம்புத் தூள் மென்மையானது, அது இரும்பைக் கீறாது. அதோடு சேர்ந்து வரும் சாலை மணல் இரும்பையும் அறுக்கும். பம்புக்குள் இருக்கும் இடைவெளிகளோ மயிரிழையிலும் மெல்லியவை. மூடியின் மேல் படிந்த மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் புது ஆயில் ஊற்றிய பலன் போய்விடும். ஆகவே உங்களைப் பொறுத்தவரை கைத்திறனைவிடச் சுத்தம் முக்கியம். மூடியைத் தொடும் முன் டப்பாவையும் சுற்றுப்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். நூல் பிரியும் வேஸ்ட் துணி வேண்டாம்; பழைய பனியன் துணி நல்லது. லாரி ஓடும் சாலையோரமும் காற்றடிக்கும் நேரமும் இந்த வேலைக்கு ஆகாது.

அடுத்து, எந்த ஆயில்? மூடியின் மேலேயோ கையேட்டிலோ எழுதியிருப்பதுதான் சட்டம். குவாலிஸுக்கு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஏடிஎஃப், அந்தச் சிவப்பு ஆயில். எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. ஹோண்டா தனக்கென்று தனி ஆயில் கேட்கும். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் பச்சை நிறச் செயற்கை ஆயில் இருக்கும். அவசரத்துக்கு என்று யார் சொன்னாலும் பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. ஸ்டீயரிங் பாக்ஸின் சீல்கள் கனிம எண்ணெய்க்கென்று செய்த ரப்பர். கிளைக்கால் பட்டால் அவை ஊதிக் குழைந்து ஒழுக ஆரம்பிக்கும். அப்புறம் பம்ப், பாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். ஒழுக்கை நிறுத்தும் என்று விற்கும் சிறு டப்பிகளும் சீலை ஊதவைத்துத்தான் வேலை செய்கின்றன. பழைய வண்டியில் அது கொஞ்ச நாள் சமாளிப்பு, அவ்வளவே.

முறை இரண்டு. முதலாவது மெதுவானது, உங்களுக்கு நான் சொல்வது அதுதான். பெரிய சிரிஞ்ச் ஒன்றில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, என்ஜின் அணைந்திருக்கும்போது டப்பாவில் இருக்கும் ஆயிலை முடிந்தவரை உறிஞ்சி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விடுங்கள். டப்பாவின் அடியில் கறுப்புச் சேறு படிந்திருந்தால் துணியால் வழித்தெடுங்கள். புது ஆயிலைக் குளிர்நிலைக் கோடு வரை ஊற்றுங்கள். டப்பா காலியாக இருக்கும்போது எக்காரணம் கொண்டும் சாவியைத் திருப்பாதீர்கள். பம்ப் வறண்டு ஓடினால் அங்கேயே தேய்ந்துபோகும். பிறகு என்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெல்ல ஒடியுங்கள். கடைசிவரை போனதும் அங்கேயே பிடித்து நிற்காமல் உடனே திருப்பிவிடுங்கள். அணைத்து, அளவு பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டிவிட்டு மறுபடி இதையே செய்யுங்கள்.

ஏன் பல தடவை என்றால், டப்பாவில் இருப்பது மொத்த ஆயிலில் ஒரு பகுதிதான். மீதி பம்பிலும் பாக்ஸிலும் ஹோஸிலும் நிற்கிறது. டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று தடவை மாற்றியபின் சுமார் 70 விழுக்காடு புது ஆயில் ஆகியிருக்கும். ஐந்து தடவையில் 87 விழுக்காடு. நூறு ஆகவே ஆகாது, ஆகவும் வேண்டாம். சிவப்பு நிறம் ஒரு வாரம் ஓடியும் மங்காமல் நின்றால் போதும். இருபது வருடம் ஊறிய அழுக்கை ஒரே நாளில் கிளறிவிடாமல் படிப்படியாக வெளியேற்றுவதால்தான் பழைய வண்டிக்கு இந்த வழி நல்லது என்கிறேன்.

இரண்டாவது முறையில், திரும்பிவரும் ஹோஸை டப்பாவிலிருந்து கழற்றி, டப்பாவில் அது மாட்டியிருந்த வாயை அடைத்து, ஹோஸைப் பாட்டிலில் விட்டு, முன்சக்கரங்களைத் தூக்கிவைத்து, என்ஜினை ஓட்டாமலே ஸ்டீயரிங்கைத் திருப்பித்திருப்பிப் பழையதைத் தள்ள வேண்டும். ஒருவர் திருப்ப, இன்னொருவர் டப்பா வற்றாமல் புது ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே மூச்சில் முடிந்துவிடும். இருபது வருட ஹோஸ் கழற்றும்போதே வெடித்துக் கிழியவும் கூடும். மாற்று ஹோஸும் கிளாம்பும் கையில் இல்லாமல் இறங்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியைத் தூக்கி நிறுத்துவது தற்கொலைக்குச் சமம். கெட்டியான தரையில் ஸ்டாண்டு வைத்து, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே அருகில் போக வேண்டும். காற்று உள்ளே போயிருந்தால் ஆயில் நுரைத்து இளஞ்சிவப்பாகப் பால்போல் ஆகும். அப்போது அணைத்துவிட்டு, நுரை அடங்கும்வரை விட்டு, பிறகு திருப்புங்கள். எந்த முறையானாலும் சிந்திய ஆயிலைத் துடைத்துவிட்டே என்ஜினை ஓட்டுங்கள். சூடான சைலன்சர் குழாயில் பட்டால் புகையும், பற்றிக்கொள்ளவும் கூடும்.

இனி பாட்டிலில் பிடித்ததைப் பாருங்கள். ஒரு துளியை வெள்ளைத் துணியில் விட்டு வெயிலில் காட்டுங்கள். வெறும் பழுப்பு என்றால் வயது, பயப்பட வேண்டாம். விரலில் மை போல ஒட்டும் கறுப்பு என்றால் ஹோஸின் ரப்பர் உதிர்கிறது. அடுத்த செலவு ஹோஸுக்கு. பாட்டிலைச் சாய்க்கும்போது வெள்ளித்தூள் மினுமினுத்தால் பம்ப் தேய்கிறது; பட்டறைக்காரர் சொன்னது சரி. கருகிய வாடை வந்தால் ஃபுல் கட்டில் பிடித்து வைக்கும் பழக்கத்தைக் கொஞ்சம் யோசியுங்கள்.

சத்தத்திலும் வகை உண்டு. திருப்பும்போது "கீச்" என்று வந்தால் அநேகமாக பெல்ட் தளர்ந்திருக்கிறது. ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் எழுதியிருக்கும் காலை முனகலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸை. அதில் அழுத்தம் கிடையாது, உறிஞ்சல்தான். கிளாம்ப் தளர்ந்தால் ஆயில் சொட்டாமலே காற்றை உள்ளே இழுக்கும். சொட்டு இல்லாததால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. டப்பாவின் அடியில் சல்லடை இருந்து, சேறு அதை அடைத்திருந்தாலும் இதே முனகல்தான் வரும். முன்னதற்குக் கிளாம்ப், பின்னதற்கு டப்பா. இரண்டும் பம்போடு ஒப்பிட்டால் சின்னச் செலவு. ஆயில் மாற்றி, இவற்றையும் பார்த்து, பிறகும் உறுமினால் பம்பை மாற்றுங்கள். அப்போது அந்தச் செலவில் சந்தேகம் இருக்காது.

ஆயில் அடிக்கடி குறைந்தால் இந்த வேலை எதற்கும் உதவாது. ஊற்றிக்கொண்டே இருக்காமல் ஒழுக்கைத் தேடுங்கள். ராத்திரி அடியில் ஒரு அட்டையை விரித்துவைத்தால் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுக்கும். வண்டி நின்ற இடத்திலேயே ஒடிப்பதையும் விட்டுவிடுங்கள். சக்கரம் கொஞ்சம் உருளும்போது திருப்பினால் பம்புக்கும் டயருக்கும் பாரம் வெகுவாகக் குறையும்.

பழைய ஆயிலை வாய்க்காலிலோ வேலியோரத்திலோ கொட்டாதீர்கள். சென்ட்ரிங் தகட்டில் தடவ, கதவு நிலையில் கரையானுக்குப் பூச என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள்; கொடுத்தால் அது கடைசியில் மண்ணுக்குத்தான் போகும். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் அடக்கம். புது ஆயில் வந்த டப்பாவிலேயே சேர்த்துவைத்து, நீங்கள் என்ஜின் ஆயில் மாற்றும் பட்டறையின் பீப்பாயில் விடச் சொல்லுங்கள். மொத்தமாகச் சேர்ந்தால்தான் அது சுத்திகரிப்புக்குப் போகும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு காரியம் பாக்கி. என்ன ஆயில், எந்தத் தேதி, எத்தனையாவது கிலோமீட்டர் என்று அழியாத மையில் எழுதி டப்பாவுக்கு அருகே ஒட்டிவையுங்கள். இருபது வருடத்தில் பல கை பட்ட வண்டி அது. யார் எதை ஊற்றினார்கள் என்று இன்று உங்களுக்கே தெரியாது. அடுத்து பானெட்டைத் திறக்கும் மெக்கானிக்குக்காவது அது தெரியட்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்