இரும்பாலையைப் பேணப் புகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பாழடைந்து கிடக்கும் பழைய இரும்பாலை ஒன்றைப் பேணும் பொறுப்பு உன்னிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதாகவும், அதனைப் புத்தம் புதிதாக்கிக் காட்டிவிட வேண்டுமென்று உள்ளம் துடிப்பதாகவும் நீ எழுதிய கடிதம் கண்டு பெருமகிழ்ச்சி அடைந்தேன். ஆயினும், அந்தத் துடிப்பிலேயே ஓர் அபாயமும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது உன்பால் நான் கொண்ட அன்புக்கு அழகாகாது.

இங்கிலாந்தில் செவர்ன் நதியை அடுத்த கோல்புரூக்டேல் பள்ளத்தாக்கின் சரித்திரத்தை நீ ஊன்றிப் படிக்க வேண்டும். இரும்பு உருக்குவோர் மரக்கரியையே நம்பியிருந்த காலத்தில், நிலக்கரியை அப்படியே உலையில் இட்டால் அதிலுள்ள கந்தகம் இரும்பைக் கெடுத்துவிடும் என்பதால், அதைச் சுட்டுக் கற்கரியாக்கி இட்டு, 1709-ஆம் ஆண்டில் ஆபிரகாம் டார்பி அங்கே வெற்றி கண்டார். சமையற்பானைகளை வார்ப்பதில் வேரூன்றிய அத்தொழில், நீராவி யந்திரங்களுக்கான உருளைகள், 1767-இல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் என்று வளர்ந்து, 1779-இல் அவருடைய பெயரையே தாங்கிய பேரனின் காலத்தில், தச்சுவேலைக்குரிய பொருத்துக்களாலேயே இணைக்கப்பட்ட இரும்புப் பாலமாகச் செவர்ன் நதியின்மேல் எழுந்தது.

முதல் டார்பி வெற்றி கண்ட அந்தப் பழைய உலையின் முகப்பைத் தாங்கும் வார்ப்பிரும்பு உத்தரங்களில், மேலே இருப்பதில் ஆபிரகாம் டார்பி என்ற பெயரும் 1777 என்ற வருஷமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கீழே, அதனினும் பழையதொரு உத்தரத்திலுள்ள வருஷம் 1638 என்று வர்ணம் தீட்டப்பட்டிருக்க, பிற்பாடு கிடைத்த பழைய புகைப்படம் ஒன்றோ அதை 1658 என்று காட்டுகிறது. மங்கிய எழுத்தைத் துலக்கிக் காட்டும் நல்லெண்ணத்தோடுதான் தூரிகை எடுக்கப்பட்டிருக்கும். ஆனாலும் ஓர் இலக்கம் மாறியதும் இருபது ஆண்டுகள் புரண்டுவிட்டன. புகைப்படம் மட்டும் இல்லாதிருந்தால், அந்தப் பிழையே பிரமாணமாக நிலைத்திருக்கும் அல்லவா?

இன்னொன்றும் சொல்வேன்: உலை ஒன்றே இரும்பாலை என்று எண்ணிவிடாதே. கோல்புரூக்டேலில் மேட்டிலிருந்த குளத்து நீர் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் துருத்தியை இயக்க, துருத்தி உலையை மூட்டியது. கோடையில் நீர் வற்றினால் உலையின் மூச்சும் அடங்கிவிடுமாதலால், ஓடிப்போன நீரைத் திரும்ப மேலேற்ற 1740-களில் நீராவி யந்திரம் ஒன்றை நிறுவினார்கள். குளத்தைத் தூர்த்து, கால்வாயை மூடி, கசட்டுமேட்டை அள்ளி எறிந்துவிட்டு உலையை மாத்திரம் காப்பாயானால், அந்த ஆலை எவ்வாறு இயங்கியது என்பதை உன் உலை யாருக்கும் சொல்லாது. மண்ணுக்குள் புதைந்து கிடந்த அவ்வுலையை அகழ்ந்து 1959-இல் காட்சிக்குத் திறந்தவர்களும், 1967-இல் அறக்கட்டளை அமைத்து அப்பிரதேசத்தின் தொழிற்சின்னங்களைப் பேண முற்பட்டவர்களும் இதை நன்கு உணர்ந்திருந்தனர். 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றதும் உலையை மட்டும் அன்று, அப்பிரதேசத்தையே.

நம் கோயில்களில் ஜீரணோத்தாரணம் செய்து வர்ணம் தீட்டுகிறோமென்றால், அங்கே வழிபாடு இன்னும் நடைபெறுகிறது. அணைந்த உலையோ சாட்சி சொல்வதற்காகவே நிற்பது. எனவே, ஒரு செங்கல்லைத் தொடுமுன் அதைப் படமெடு, அளந்து வரை, குறிப்பெழுது. சரிந்துவிழும் சுவரைத் தாங்கவேண்டிய இடத்தில் தயங்காமல் தாங்கு. புதிதாகச் சேர்ப்பது எதுவாயினும் அதில் உன் காலத்து வருஷத்தைப் பொறித்துவிடு. பழையது எது, நீ சேர்த்தது எது என்று பின்னால் வருகிறவன் ஐயமின்றிப் பிரித்தறிய முடியுமானால், உன் கடமையை நீ செவ்வனே செய்தாய் என்றே பொருள்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்