நடுராத்திரியில நாய் குரைக்கிற மாதிரி இருமலா? அக்கா சொல்றதைக் கேளு

சாயங்காலம் வரைக்கும் மூக்கு மட்டும்தான் ஒழுகிட்டிருந்தது. ராத்திரி ஒரு மணிக்குப் பார்த்தா நாய் குரைக்கிற மாதிரி இருமல், கம்மிப்போன குரல், மூச்சை உள்ளே இழுக்கும்போது ‘கீர்ர்’னு ஒரு சத்தம். இதுக்குப் பேர் குரூப். பெரும்பாலும் 6 மாசத்துலேருந்து 3 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு வரும். சளி வைரஸ் குரல்வளையை வீங்க வெச்சிடுது, குழந்தைக்கு அந்த இடம் ஏற்கெனவே குறுகல். என் ரெண்டு பிள்ளைகளையும் இதுக்காகத் தூக்கிட்டு ஓடினவ நான்.

1. முதல்ல சட்டையைக் கழட்டிப் பாரு. அழாம சும்மா இருக்கும்போதும் அந்தச் சத்தம் கேக்குதா? மூச்சு இழுக்கும்போது கழுத்துக்குழியும் விலாவுக்குக் கீழேயும் உள்வாங்குதா? விடியட்டும்னு உட்காராதே, கிளம்பு. உதடு நீலமாச்சு, குழந்தை துவண்டு போச்சு, எச்சில் முழுங்க முடியாம வாயில வழியுதுன்னா 108-ஐக் கூப்பிடு. கடலை, பொத்தான் எதையாவது வாயில போட்டப்புறம் திடீர்னு வந்திருந்தா அது வேற கதை, போனதும் அதைத்தான் முதல்ல சொல்லணும்.

2. கிளம்பும்போதே அந்த இருமலை போன்ல பதிவு பண்ணிடு. வழியில குளிர்காத்து பட்டதும் பாதி பிள்ளைங்க சமத்தாயிடும். டாக்டர் முன்னாடி சிரிச்சுக்கிட்டு உட்காரும், நீதான் அசடு வழியணும்.

3. வெந்நீர் ஆவி, தைலம் எதுவும் வேண்டாம். ஆவியால இந்த வீக்கம் வடியாது. சட்டி கவிழ்ந்து சுட்டுக்கிட்டா அது தனிப் பாடு.

4. ஆஸ்பத்திரியில உன் ஒரே வேலை, பிள்ளையை அழவிடாம மடியில நிமிர்த்தி வெச்சுக்கிறது. அழ அழ மூச்சுக்குழாய் இன்னும் இறுகும். மாஸ்க்கை முகத்துல அமுக்கினா திமிரும், “நானே பிடிச்சுக்கிறேன் சிஸ்டர்”னு வாங்கிக்கோ. டாக்டர் தொண்டையைக் குச்சி வெச்சுப் பார்க்கலையேன்னு கோவிச்சுக்காதே. தெரிஞ்சேதான் பார்க்காம இருப்பார்.

5. எடை எவ்வளவுன்னு தெரிஞ்சு வெச்சுக்கோ. டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு மருந்தை எடையைக் கணக்கு பண்ணித்தான் கொடுப்பாங்க, பெரும்பாலும் வாய் வழியா, ஒரே வேளை. “ஸ்டீராய்டா, ஐயோ!”ன்னு பதறாதே. மாசக்கணக்கா கொடுக்கிறதுக்கும் ஒரு வேளை கொடுக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு. இது வேலை செய்ய சில மணி நேரம் ஆகும். கொடுத்த கொஞ்ச நேரத்துலயே வாந்தி எடுத்துட்டா மறைக்காம சொல்லு.

6. என் பெரியவன் விஷயத்துல நான் பண்ணின தப்பை நீ பண்ணாதே. மூச்சுத் திணறல் அதிகமா இருந்தா அட்ரினலினை நெபுலைசர்ல வைப்பாங்க. 10, 15 நிமிஷத்துல மாயம் மாதிரி சத்தம் அடங்கும். பிள்ளை பிஸ்கெட் கேட்டுது. நான் பில்லைக் கட்டிட்டு, சொல்லச் சொல்லக் கேக்காம ஆட்டோ பிடிச்சுட்டேன். வீட்டுக்கு வந்து பாயை விரிக்கல, மறுபடி ‘கீர்ர்’. அந்த மருந்தோட வேகம் சுமார் 2 மணி நேரம்தான், அதான் 2லேருந்து 4 மணி நேரம் வெச்சுப் பார்த்துட்டு அனுப்புறாங்க. மாத்து டிரஸ்ஸும் பால் பாட்டிலும் எடுத்துட்டுப் போய் உட்காரு.

7. ஆன்டிபயாடிக் கேட்டு நச்சரிக்காதே, வைரஸுக்கு அது கேக்காது. இருமல் சிரப்பும் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வீசிங்குக்கு வாங்கின நெபுலைசர் மருந்தை இரவல் வாங்கி வைக்கவே வைக்காதே. வீசிங் நெஞ்சுல, இது தொண்டையில.

8. பெரும்பாலான பிள்ளைங்க அன்னிக்கே வீடு திரும்பிடும். ஆனா பகல்ல ஓடி ஆடுதேன்னு ஏமாந்துடாதே, ரெண்டாவது, மூணாவது ராத்திரியும் சத்தம் வரலாம். பக்கத்துலயே படு. தண்ணியோ பாலோ கொஞ்சம் கொஞ்சமா கொடு. அவ்வளவு சின்ன வயித்துல ஒரு டம்ளர் பாலை மொத்தமா ஊத்தினா இருமி இருமி உன் புடவையிலதான் கக்கும்.

பென்டாவேலன்ட் ஊசி பாக்கி இருந்தா உடம்பு தேறினதும் போட்டுடு. குரூப்புக்கு அது தடுப்பு இல்ல. ஆனா இதே மாதிரி மூச்சை அடைக்கிற தொண்டை அடைப்பானுக்கும், ஹிப் கிருமிக்கும் அதுதான் காவல். அட்டையை இப்பவே எடுத்துப் பாரு, பீரோவுல புடவைக்கு அடியிலதானே வெச்சிருப்பே?