பைராகிக்கு பிளஸ், தோட்டிக்கு மைனஸ்

சித்தூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

திருப்பதி பஸ்ஸில் நீ கொடுத்தனுப்பிய பென்டிரைவ் வந்து சேர்ந்தது. ஜாத்திரைப் படங்கள் இருட்டடித்துக் கிடக்கின்றன, கேமராவை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று போனில் சொன்னாய். கொடுக்காதே. மூன்று நாள் படங்களையும் கம்ப்யூட்டரில் வரிசையாகப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் குணத்தைத் தெரிந்துகொள்ள திருப்பதி தாத்தையகுண்ட கங்கம்மா ஜாத்திரையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. முதல் நாள் பைராகி வேஷம், உடம்பெல்லாம் வெள்ளை நாமக்கட்டி. மறுநாள் பண்ட வேஷம், குங்குமம். மூன்றாம் நாள் தோட்டி வேஷம், கரி. உன் படங்களில் பைராகிகள் மழையில் நனைந்த சுவர் மாதிரி மங்கிக் கிடக்கிறார்கள். தோட்டி வேஷக்காரர்களோ கரி வெளுத்துச் சாம்பலாகத் தெரிகிறார்கள். கேமரா கெட்டிருந்தால் எல்லா நாளும் இருட்டாகத்தானே வந்திருக்கும்?

உள்ளே இருக்கும் மீட்டருக்கு வெள்ளை, கறுப்பு தெரியாது. எதிரில் எது நின்றாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும். வெள்ளை பூசிய முகம் பிரேமை நிறைத்தால் வெளிச்சம் அதிகம் என்று குறைத்துவிடும். கரி பூசிய முகம் என்றால் கூட்டிவிடும். திருத்த வேண்டியவன் நீ. பிளஸ், மைனஸ் போட்ட பட்டன் ஒன்று இருக்கிறதே, அதற்குத்தான். பைராகிக்கு பிளஸ் 1-இல் தொடங்கு, தோட்டிக்கு மைனஸ் 1. கோபுரத்தை வெளுத்த வானத்தோடு சேர்த்து எடுக்கும்போதும் இதே பிளஸ்தான். வெள்ளை அடியோடு வெளுத்துப்போகிறதா என்று ஹிஸ்டோகிராமில் பார். வலது ஓரத்தில் போய் முட்டினால் கொஞ்சம் இறக்கு. மே மாத வெயிலில் பின்பக்க ஸ்கிரீனைப் பார்த்து முடிவு செய்யாதே. நல்ல படமும் அதில் இருட்டாகத்தான் தெரியும்.

வீட்டில் அம்மாவை எடுத்த நாலு படங்களும் மங்கல். ஃபைல் விவரத்தைத் திறந்தேன், மைனஸ் 0.7 என்று இருக்கிறது. பையில் போடும்போது அந்த பிளஸ், மைனஸ் அளவு விரல் பட்டு மாறியிருக்கும். பல கேமராக்களில் அணைத்துப் போட்டாலும் அது அப்படியே நிற்கும். கையில் எடுத்ததும் முதலில் அது 0-வில் இருக்கிறதா பார்.

இரவில் எடுத்தவை வேறு கதை. உன் கேமராவில் மேலே எழும்புகிற சின்ன ஃபிளாஷின் கைடு நம்பர் 12. லென்ஸின் அப்பர்ச்சர் 5.6-இல் இருந்தால் ஐ.எஸ்.ஓ. 100-க்கு அது எட்டுவது 2 மீட்டர் சொச்சம்தான். நீயோ தெருவின் அந்தப் பக்கம் போகிற ஆளை எடுத்திருக்கிறாய். ஐ.எஸ்.ஓ.வை 1600-க்கு ஏற்றினால் 8 மீட்டர் வரை போகும். படம் கொஞ்சம் சொரசொரப்பாக வரும், வரட்டும். தனி ஃபிளாஷ் வாங்கினால் ஒன்று சொல்கிறேன்: தயார் என்று காட்டும் சின்ன விளக்கு எரிந்ததும் அழுத்தாதே, இன்னும் நாலு நொடி பொறு. முழுதாகச் சார்ஜ் ஏறும் முன்பே அந்த விளக்கு எரிந்துவிடும். காணிப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்தில் நான் அவசரப்பட்டு அழுத்தினேன். தாலி கட்டுகிற படம் மூன்றும் நெகட்டிவில் கண்ணாடி மாதிரி வெறுமையாக வந்தன. ஃபிலிம் காலம், கழுவிப் பார்த்த பிறகுதான் தெரியும். பெண் வீட்டார் முகத்தைப் பார்க்க முடியாமல் ரொம்ப நாள் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

இருட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு: மேனுவலில் வைத்து ஜூம் இழுத்தாயானால் 3.5-இல் இருந்த லென்ஸ் தானாக 5.6-க்குப் போய்விடும். ஷட்டர் வேகத்தை நீதான் குறைக்க வேண்டும்.

இவ்வளவு சொல்லியும் சந்தேகம் தீரவில்லை என்றால், மேகமில்லாத நாளில் நல்ல வெயிலில் நின்று மேனுவலில் அப்பர்ச்சர் 16, ஷட்டர் 125-இல் ஒன்று, ஐ.எஸ்.ஓ. 100 வைத்து, வெயில் படும் சுவரை எடு. மீட்டர் என்ன கத்தினாலும் கேட்காதே. படம் சரியாக வந்தால் கேமரா நன்றாக இருக்கிறது. அதுவும் இருட்டாக வந்தால் லென்ஸில் கோளாறு இருக்கலாம், வேறு லென்ஸ் மாட்டிப் பார். அதற்கும் மசியவில்லை என்றால் அப்போது கொடு சர்வீஸுக்கு.

இன்னொன்று. வேஷம் கட்டுகிறவர்கள் வேண்டுதலுக்காகக் கட்டுகிறார்கள். கங்கம்மா ஏழுமலையானுக்குத் தங்கை, திருமலையிலிருந்து சீர் வருகிற இடம் அது. முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

அந்தச் சுவர்ப் படத்தை வரும் வாரமே அனுப்பு. வாட்ஸ்அப்பில் வேண்டாம், விவரமெல்லாம் அதில் அழிந்துபோகும். பென்டிரைவிலேயே கொடுத்தனுப்பு.

உன் மாமன்