தட்டையான தகடு ஏன் நெளிந்தது?

நாமக்கல் பக்கம் சென்றவர்கள் அங்குள்ள லாரிப் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினும் சக்கரங்களும் மட்டும் கொண்ட வெறும் சேஸிஸாக வரும் வண்டிகள், அங்கே தளமும் பக்கச் சுவரும் பெற்று முழு வண்டிகளாகத் திரும்புகின்றன. அப்படிப்பட்ட பட்டறை ஒன்றில் எனக்குத் தெரிந்த இளைஞன் ஒருவன் தொழில் பழகி வருகிறான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன்; கையில் நல்ல நிதானம் உள்ளவன். ஒரு நாள் மாலை வாடிய முகத்துடன் என் வீட்டிற்கு வந்தான்.

"சார், ஒரு பிக்கப் வண்டியின் தளம் துருப்பிடித்திருந்தது. அதன் மேல் புதுத் தகடு போர்த்தச் சொன்னார்கள். அளந்துதான் வெட்டினேன். வைத்துப் பார்த்தபோது கச்சிதமாக உட்கார்ந்தது. ஓரம் முழுவதும் பற்றவைத்து முடித்தபோது நடுவில் உப்பிக்கொண்டு எழுந்துவிட்டது. காலை வைத்தால் 'டொக்' என்று அமுங்குகிறது. எடுத்தால் மறுபடி எழும்புகிறது. தகடு எப்படி சார் நீண்டது? முதலாளி தகட்டின் விலையைக் கூலியில் பிடிக்கப் போவதாகச் சொல்கிறார்."

அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதில் ஒரு சிறு பிழை இருந்தது. தகடு நீளவில்லை, அதன் ஓரம் குறுகியிருந்தது! சூடாக்கினால் இரும்பு விரியும் என்று பாடத்தில் படிக்கிறோம். சூடாக்கிய ஓரம் குறுகியது எப்படி? அதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

வில்லின் வெப்பம்

வெல்டிங் ராடின் நுனிக்கும் தகட்டிற்கும் இடையே தோன்றும் மின்வில்லின் வெப்பநிலை 5000° செ. வரையிலும், அதற்கு மேலும் செல்லும். மென்எஃகு ஏறத்தாழ 1500° செ.-இல் உருகிவிடும். 20 வோல்ட் அழுத்தத்தில் 80 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால், வில்லின் திறன் 20 × 80 = 1600 வாட். அதாவது ஒரு சிறு புள்ளியில் வினாடிக்கு 1600 ஜூல் வெப்பம் இறங்குகிறது. ஒரு கிராம் எஃகை அறை வெப்பநிலையிலிருந்து உருக்கி முடிக்க ஏறத்தாழ 1300 ஜூல் போதும்.

வெப்பம் அந்தப் புள்ளியோடு நிற்பதில்லை. பற்றவைப்புக் கோட்டின் இருபுறமும் ஒரு பட்டை அளவு இரும்பு சிவக்கும் அளவுக்குச் சூடாகிறது. அதற்கு அப்பால் உள்ள பெரும் பகுதியோ கையால் தொடும் அளவுக்குக் குளிர்ச்சியாகவே இருக்கிறது. சூடான பட்டையும் குளிர்ந்த தகடும் ஒரே உடம்பாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வம்பு இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சிறு கணக்கு

எஃகின் நீள்விரிவு எண் ஒரு டிகிரிக்கு 0.000012. எனவே ஒரு மீட்டர் நீளமுள்ள பட்டை ஒரு டிகிரி சூடேறினால் 0.012 மி.மீ. நீளும். 600 டிகிரி சூடேறினால், தடை ஏதும் இல்லாதபோது, 7 மி.மீ.-க்கு மேல் நீள வேண்டும்.

ஆனால் அது நீள முடியாது. பக்கத்திலுள்ள குளிர்ந்த தகடு அதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. நீள முயலும் பட்டை அமுக்கப்படுகிறது. எஃகு எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும்? சாதாரண மென்எஃகின் மீட்சி எல்லை சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 250 நியூட்டன். அதன் யங் குணகம் 2,00,000 நியூட்டன். முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைக்கும் திரிபு 1/800. அதாவது, ஒரு மீட்டருக்கு 1.25 மி.மீ. வரை அமுக்கினால்தான் எஃகு பழைய நிலைக்குத் திரும்பும். அதற்கு மேல் அமுக்கினால் நிலையாகக் குறுகிவிடும்.

இப்போது 1.25-ஐ 0.012-ஆல் வகுத்துப் பாருங்கள். விடை ஏறத்தாழ 104. முழுவதும் பிடித்துவைக்கப்பட்ட எஃகுப் பட்டையை வெறும் 104 டிகிரி சூடேற்றினாலே அது மீட்சி எல்லையைத் தொட்டுவிடுகிறது! பற்றவைக்கும் பட்டையோ பல நூறு டிகிரி சூடேறுகிறது; சூட்டில் அதன் வலிமையும் குறைந்துவிடுகிறது. ஆகவே நீளவாட்டில் இடமின்றி, அது தன்னைத் தானே நசுக்கிக்கொண்டு தடிமனாகிறது.

பிறகு ஆறுகிறது. ஆறும்போது இரும்பு சுருங்க வேண்டுமல்லவா? ஏற்கெனவே நசுங்கிப்போன பட்டை மேலும் சுருங்க முயல்கிறது. இப்போது அதன் நீளம் பழைய நீளத்தைவிடக் குறைவு. ஓரம் குறுகிவிட்டது, நடுப்பகுதி பழைய நீளத்திலேயே இருக்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கைக்குட்டையின் ஓரங்களில் நூலோட்டி, நூலைச் சிறிது இழுங்கள். ஓரங்கள் குறுகும், நடுத்துணி உப்பும். துணியை யாரும் நீட்டவில்லை!

கால் மில்லிமீட்டர் செய்யும் வேலை

ஓரம் ஒரு மீட்டருக்குக் கால் மி.மீ. மட்டும் குறுகியதாகக் கொள்வோம். நடுப்பகுதி எவ்வளவு எழும்பும்? தகடு கூடாரம்போல் எழுவதாகக் கருதி, பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தலாம். கர்ணம் 500 மி.மீ., அடிப்பக்கம் 499.875 மி.மீ. எனில் உயரம் ஏறத்தாழ 11 மி.மீ.! உண்மையில் தகடு கூராக மடியாமல் வளைவாக எழுவதால் இது சற்றுக் குறைந்து 10 மி.மீ. அளவில் இருக்கும். கால் மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது; ஒரு சென்டிமீட்டர் உப்பல் வண்டிக்காரருக்குத் தெரியாமல் போகுமா?

தடித்த தகடு ஏன் இப்படி நெளிவதில்லை? வளைவதை எதிர்க்கும் ஆற்றல் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் எதிர்ப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். இளைஞன் போர்த்தியது 16 கேஜ் தகடு. அதன் தடிமன் 1.6 மி.மீ. மட்டுமே. பரந்த மெல்லிய தகடு அமுக்கத்தைத் தாங்காமல், மேலோ கீழோ வளைந்து தப்பித்துக்கொள்கிறது. 'டொக்' என்ற ஓசை அது ஒரு வளைவிலிருந்து மற்றொரு வளைவுக்குத் தாவும் ஓசையாகும்.

செய்திருக்க வேண்டியது என்ன?

அவன் ஒரு மூலையில் தொடங்கி, நிறுத்தாமல் சுற்றிவந்து அதே மூலையில் முடித்திருந்தான். அவ்வளவு வெப்பமும் ஒரே கோட்டில் சேர்ந்துவிட்டது.

முதலில் தகட்டைக் குறுக்குச் சட்டங்களோடு கிளாம்பு போட்டு இறுக்க வேண்டும். பின்பு சிறு சிறு புள்ளிகளாக டாக் வைக்க வேண்டும். நடுவில் ஒன்று, எதிர்ப்பக்கத்தில் ஒன்று என மாறிமாறி, நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்வது நல்லது. அதன் பிறகு 2 அல்லது 3 செ.மீ. பற்று, 10 செ.மீ. இடைவெளி என விட்டுவிட்டுப் பற்றவைக்கலாம். ஓரிடம் ஆறும்வரை வேறிடத்தில் வேலை செய்யலாம். தடித்த ராடுக்குப் பதில் 2.5 மி.மீ. ராடும் குறைந்த மின்னோட்டமும் போதும். கோட்டின் அருகே ஒரு செம்புப் பட்டையை அழுத்தி வைத்தால் இன்னும் நல்லது. செம்பு எஃகைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும்.

இடைவெளிகளை அப்படியே விட்டுவிடக் கூடாது. பழைய தளத்திற்கும் புதுத் தகட்டிற்கும் இடையே மழைநீர் நுண்புழை ஏற்றத்தால் புகுந்து தங்கிவிடும்; இரண்டையும் மறைவாக அரித்துவிடும். துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி, இடுக்குகளை அடைப்புப் பசையால் மூட வேண்டும்.

கெடுத்த சூடே திருத்தியது

மறுநாள் நான் அவனுடன் பட்டறைக்குச் சென்றேன். அங்கிருந்த வயதான மேஸ்திரி தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கா கண்ணு இத்தனை கவலை?" என்று கேட்டுவிட்டு, கேஸ் விளக்கைப் பற்றவைத்தார். உப்பிய இடத்தில் ரூபாய்க் காசு அளவுள்ள வட்டம் ஒன்றை மங்கலாகச் சிவக்கும்வரை சுட்டார். மரச்சுத்தியால் மெல்லத் தட்டினார். ஈரத்துணியை வைத்து அழுத்தினார். சற்றுத் தள்ளி மற்றொரு வட்டம். இப்படிப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் செய்தபின் தகடு இறுகிப் படிந்துவிட்டது.

அவர் செய்தது என்ன? சிவந்த வட்டம் விரிய முயன்றது, சுற்றியிருந்த குளிர்ந்த தகடு விடவில்லை, வட்டம் நசுங்கியது, ஆறியபோது குறுகித் தன்னைச் சுற்றியுள்ள தகட்டை இழுத்துக்கொண்டது. ஓரத்தைக் குறுக்கிய அதே விதி இப்போது நடுவையும் குறுக்கியது. மாட்டுவண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டையைச் சூடாக்கி மாட்டி, நீரூற்றி இறுகச் செய்யும் கொல்லரும் வெப்பச் சுருக்கத்தைத்தானே நம்புகிறார்? பௌதிக நூலைத் திறக்காமலே அவர்கள் கை கற்றுக்கொண்ட பாடம் அது.

தகடு தப்பியது, கூலியும் தப்பியது. அரை நாள் கூலி மட்டும் கேஸ் செலவுக்கென்று பிடிக்கப்பட்டது. "அரை நாள் கூலிக்கு இந்தப் பாடம் மலிவு சார்" என்றான் இளைஞன். அடுத்த வண்டிக்குத் தகட்டின் மேல் சுண்ணக்கட்டியால் 1, 2, 3 என்று டாக் வைக்கும் வரிசையை எழுதிவிட்டே ஹோல்டரைக் கையில் எடுத்தான்.

எச்சரிக்கை

பட்டறையில் நின்று பார்க்கும்போது வில்லின் ஒளியை வெறுங்கண்ணால் நோக்காதீர்கள். அதிலுள்ள புறஊதாக் கதிர்கள் விழியின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். சில மணி நேரம் கழித்தே வலி தெரியும். துத்தநாகம் பூசிய தகடாக இருந்தால் புகை மேலும் தீங்கானது. துத்தநாகம் 907° செ.-இல் கொதித்து ஆவியாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் வரும். பூச்சைச் சுரண்டிவிட்டு, காற்றோட்டமான இடத்தில்தான் பற்றவைக்க வேண்டும். வண்டியில் வேலை செய்யுமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றுவதும், எரிபொருள் தொட்டி, குழாய்களின் அருகே பொறி விழாமல் காப்பதும் கட்டாயம்.

சிந்தியுங்கள்

1. 2.4 மீ. நீளமும் 1.5 மீ. அகலமும் 1.6 மி.மீ. தடிமனும் கொண்ட எஃகுத் தகட்டின் எடை என்ன? (அடர்த்தி ஒரு கன செ.மீ.-க்கு 7.85 கிராம். விடை: ஏறத்தாழ 45 கிலோகிராம்.)

2. தகடு முழுவதையும் ஒரே சீராகச் சூடாக்கி, ஒரே சீராக ஆறவிட்டால் அது நெளியுமா? ஏன்?

3. அலுமினியத்தின் நீள்விரிவு எண் எஃகைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. அலுமினியத் தகட்டைப் பற்றவைப்பவர் எதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்?