வாவியைச் சுற்றி ஒரு காலை: பறவைகளிடமிருந்து இடத்தைப் படிப்போம்



இந்தக் காலாண்டுப் பாடத்தை மண்டபத்தில் வைக்காமல், கண்டி வாவிக் கரையில் வைத்துக்கொள்வோம். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. வரப்பில் நின்றபடியே தூரத்து வயலில் இறங்கியிருப்பது யாருடைய மாடு என்று சொல்லக்கூடிய கண் உங்களுக்கு உண்டு. அந்தக் கண்தான் இந்தப் பாடத்தின் கருவி.

ஏன் பறவை? இடம்பெயர்ந்தவர் இழப்பது காணியை மட்டுமல்ல. இடத்தைப் பற்றிய அறிவையும் இழக்கிறார். சொந்த ஊரில் மழை எந்தப் பக்கத்திலிருந்து வரும், எலி எப்போது பெருகும், ஆந்தை எந்த மரத்தில் இருக்கும் என்பதெல்லாம் யாரையும் கேட்காமலே தெரிந்திருந்தது. புதிய இடத்தில் அதையெல்லாம் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது. அந்த அரிச்சுவடியில் பறவைகள் முதல் எழுத்துக்கள்.

எப்போது, எப்படி?

ஐப்பசிப் பிற்பகுதியும் கார்த்திகையும் ஏற்ற காலம். அந்நாட்களில் மலைநாட்டில் பெரும்பாலும் பிற்பகலில்தான் இடியுடன் மழை பெய்யும். காலை தெளிவாக இருக்கும். வடக்கிலிருந்து வரும் பறவைகளும் அதற்குள் வந்து சேர்ந்திருக்கும். கடுகண்ணாவையிலிருந்து கண்டி சுமார் 16 கிலோமீற்றர். முதல் பஸ்ஸைப் பிடித்தால் பிலிமத்தலாவை, பேராதனை வழியாக விடியும் வேளையில் வாவிக்கு வந்துவிடலாம். வாவியைச் சுற்றி வரும் பாதை மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். சிறுபிள்ளைகளோடும் ஆறுதலாக நடக்கலாம்.

நான்கைந்து பேராகச் சேர்ந்து நடவுங்கள். உரத்துப் பேச வேண்டாம். பறவையின் பெயர் தெரியாவிட்டால் பருமன், நிறம், சொண்டு, கால், என்ன செய்கிறது என்ற ஐந்தையும் எழுதுங்கள். பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

வாவியில் இருப்பவர்கள்

விடியும்போது முதலில் இராக்கொக்குகளைப் பாருங்கள். மற்றப் பறவைகள் எழும்பும் நேரத்தில் அவை இரவு வேலை முடித்து மரங்களுக்குத் திரும்பும். நீரோரத்தில் அசையாமல் நிற்கும் மண்ணிறப் பறவை குருட்டுக்கொக்கு. அது பறக்கும்போதுதான் வெள்ளைச் சிறகு தெரியும். நீருக்குமேல் நீண்ட மரக்கிளைகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காயும். அவற்றின் இறகு வாத்தின் இறகைப் போல் நீரை முற்றாகத் தள்ளாது. நனைந்த உடல் எளிதாக மூழ்குவதால் மீனைத் துரத்திப் பிடிக்க முடிகிறது. மேலே வந்தபின் காய வைக்கத்தான் வேண்டும். எந்த வசதிக்கும் ஒரு செலவு உண்டு.

தூரத்திலிருந்து வருபவர்கள்

கரைக் கற்களில் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும் உள்ளான், ஓடையோரம் திரியும் சாம்பல் வாலாட்டி, மின்கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலான் குருவி ஆகியவை வெளியிலிருந்து வந்தவை. வேலிக்கம்பியில் தனியே இருந்து கரகரத்த குரலில் சத்தமிடும் பழுப்புக் கீச்சான், சைபீரியா, மொங்கோலியா போன்ற இடங்களில் குஞ்சு பொரித்துவிட்டு வருகிறது. ஆவணி முதல் ஐப்பசி வரை வந்து, சித்திரையளவில் இவை திரும்பிவிடும்.

வாவிக்கு மேலே உள்ள உடவத்தக்கலைக் காடு 1938இல் சரணாலயமாக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 104 ஹெக்டயர். அங்கே ஆறுமணிக்குருவியைக் கேட்கலாம். பச்சை முதுகும், நீலத் தோளும், வயிற்றின் அடியில் சிவப்பும் கொண்ட, குட்டை வால் பறவை அது. காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கையாகக் கூவுவதால் தமிழில் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் இங்கே வருகிறது. வந்த களைப்பில் சிலவேளை வீட்டுக்குள்ளும் புகுந்து விழும். அப்படிக் கண்டால் காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாகச் சில மணிநேரம் வைத்துவிட்டு மரநிழலில் திறந்துவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

தோட்டத்துக்கும் வயலுக்கும் என்ன?

ஆறுமணிக்குருவி சருகைக் கிளறித்தான் புழுபூச்சி தேடும். அது உங்கள் தோட்டத்துக்கு வந்தால் மரத்தடியில் சருகு இருக்கிறது என்று பொருள். கண்டிப் பகுதியின் சரிவுகளில் சருகு பெரிய காவல். மழைத்துளி நேரே மண்ணில் விழாமல் அது தாங்குகிறது; நீர் ஓடாமல் ஊறுகிறது. முற்றத்தைக் கூட்டுங்கள், மிளகுக்கும் கராம்புக்கும் அடியில் உள்ள சருகைக் கூட்டி எரிக்காதீர்கள்.

வயலில் இரட்டைவால் குருவியும் உண்ணிக்கொக்கும் பூச்சிகளைத் தின்கின்றன. வயலின் நடுவே ஆளுயரத்தில் சில தடிகளை நட்டு, குறுக்கே ஒரு குச்சி கட்டிவிடுங்கள். பகலில் இரட்டைவால் குருவி அமரும். இரவில் எலி பிடிக்கும் ஆந்தை அமரும். கதிர் முற்றத் தொடங்கியதும் தடிகளைப் பிடுங்கிவிட வேண்டும். எல்லாப் பறவையும் நண்பன் அல்ல. நெல் தின்னும் குருவிகளும் கிளிகளும் அப்போதுதான் வரும்.

1990களில் வியட்நாமின் மேகொங் கழிமுகத்தில் விவசாயிகள் தாங்களே ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். வயலின் ஒரு பகுதிக்கு முதல் 40 நாட்கள் இலை தின்னும் புழுக்களுக்கென்று மருந்தடிக்காமல் விட்டார்கள். விளைச்சல் குறையவில்லை. இளம்பயிர் தின்னப்பட்ட இலையை ஈடுசெய்து வளர்ந்துவிடுகிறது. முன்கூட்டியே மருந்தடித்தால் சிலந்தி முதலிய நல்ல பூச்சிகளும் சாகின்றன. அவற்றைத் தின்னும் பறவையும் வராது. மருந்துக் காசும் போகிறது. நீங்களும் ஒரு சிறு பாத்தியில் செய்து பார்க்கலாம்.

தண்ணீருக்கு அடியில் வயல்

கண்டி வாவி இயற்கையாக உண்டானதல்ல. வயலாக இருந்த நிலத்தில் அணை கட்டி, 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அதை அமைத்தான். கண்டிக்குக் கிழக்கே மகாவலி கங்கையில் 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமானது. அதன் நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய நகரமும் சுற்றியிருந்த வயல்களும் மூழ்கின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எழும்ப வேண்டியதாயிற்று. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்கள் வெளியே தெரிகின்றன. 1987இல் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே நீர்த்தேக்கங்களைச் சுற்றிய நிலம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நாம் அழகென்று பார்க்கும் நீர்ப்பரப்பின் அடியில் யாரோ ஒருவருடைய வரப்பு இருக்கிறது.

ஒருமுறை வாவிக் கரையில் நடந்தபோது, வன்னியிலிருந்து வந்த ஓர் அம்மா குருட்டுக்கொக்கைக் காட்டிச் சொன்னார்: "எங்கட குளத்திலயும் இதே கொக்குத்தான் சுவாமி. அதிட்ட ஆரும் காணி உறுதி கேக்கிறேல்லை."

அவர் சொன்னது சரி. ஆகவே பறவைகளைப்போல் வாழப் பழகுங்கள் என்று இந்தப் பாடம் சொல்லவில்லை. பறவை தன் காலத்தில் புறப்படுகிறது; தன் காலத்தில் திரும்புகிறது. உங்களை அணை எழுப்பியது, யுத்தம் எழுப்பியது, மண்சரிவு எழுப்பியது. திரும்புவதும் உங்கள் கையில் மட்டும் இல்லை. அந்த வேறுபாட்டை மறைக்கும் ஆறுதல் நமக்கு வேண்டாம்.

ஆனால் அந்த அம்மா தொடர்ந்து ஒரு மணிநேரம் தன் ஊர்க் குளத்தைப் பற்றிச் சொன்னார். எந்தக் கரையில் மருதமரம், எந்த மாதம் எந்தப் பறவை, துலுசு எங்கே, வாய்க்கால் எங்கே திரும்பும் என்று ஒன்றும் விடவில்லை. உடன் நடந்த பேத்தி அந்தக் குளத்தைக் கண்டதேயில்லை. அன்று அவள் கொப்பியில் இரண்டு பக்கம் எழுதினாள். உறுதியில் எல்லைகள் இருக்கும். இப்படிப்பட்ட அறிவு இருக்காது. சொல்லாமல் விட்டால் அது ஒரு தலைமுறையோடு போய்விடும்.

செய்து பாருங்கள்

1. மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே பாதையில் நடந்து, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் எழுதுங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் 1987 முதல் ஒவ்வொரு ஆண்டும் தை மாதத்தில் இப்படி எண்ணித்தான் நடக்கிறது.

2. கொப்பியின் ஒரு பக்கத்தில் இந்த இடத்துப் பறவைகளையும், எதிர்ப்பக்கத்தில் சொந்த ஊரின் பறவைகளையும் எழுதுங்கள். பெரியவர்கள் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும்.

குழுவாகக் கலந்துரையாட

இரண்டு பட்டியலிலும் வரும் பறவைகள் எவை? ஊரில் அவை வரும்போது எந்த வேலை தொடங்குவீர்கள்? இங்கே அதே வேலை அதே காலத்தில் பொருந்துகிறதா? உங்கள் ஊரைப் பற்றி உங்களுக்கு மட்டுமே தெரிந்த எதை, இந்த மாதம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள்?