தண்டவாளம் முடியும் இடத்தில்

பொதுப் போக்குவரத்தைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, புள்ளிவிவரங்களோடு தொடங்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால், முதலில் நினைவுக்கு வந்தவை 2002ஆம் ஆண்டில் என் சட்டைப்பையில் கிடந்த மூன்று பயணச் சீட்டுகள். விடுதியில் இடம் கிடைக்காததால் முதலாண்டில் கிள்ளானிலிருந்தே பல்கலைக்கழகத்திற்குப் போய்வந்தேன். கொமியூட்டர் ரயிலுக்கு ஒரு சீட்டு, கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி.க்கு இன்னொன்று, இறங்கியபின் பேருந்துக்கு மற்றொன்று. எட்டு மணி விரிவுரைக்கு ஐந்தேகாலுக்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ரயிலில் கழிந்த முப்பது கிலோமீட்டர் சொச்சம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. கடைசி இரண்டு கிலோமீட்டருக்காகப் பேருந்து நிறுத்தத்தில் நின்ற நேரம்தான் என்னைச் சோர்வடையச் செய்தது. ஒரு நாள் சோதனைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். அந்த வாரமே அப்பா கடன் எடுத்துப் பழைய மோட்டார் ஒன்றை வாங்கித் தந்தார். அதன்பின் நான் வீடு திரும்பும்வரை அம்மா வாசலிலேயே நிற்பார். பொதுப் போக்குவரத்து ஒரு பயணியை இழப்பது இப்படித்தான். ரயில் இல்லாததால் அன்று; ரயிலுக்கும் வகுப்பறைக்கும் இடையில் ஒன்றும் இல்லாததால்.

இந்த இடைவெளி நம் நாட்டு ரயில்வே அளவுக்கே பழையது. 1886ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட கோலாலம்பூர் ரயில் பாதை கிள்ளான் நகரை எட்டவில்லை. ஆற்றுக்கு இப்பால் புக்கிட் கூடாவிலேயே நின்றுவிட்டது. பாலம் கட்டி முடித்து, 1890இல்தான் தண்டவாளம் கிள்ளானுக்குள் நுழைந்தது. அக்காலத்து ரயில்வே பணிகளில் நம்மவர் பங்கு எத்தகையது என்பதைப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் வரலாறே சொல்லும். நம் முன்னோர் போட்ட பாதையில்தான் நாம் இன்னமும் பயணம் செய்கிறோம்.

நூறாண்டு கழித்து, அதே தவறு வேறு வடிவில் வந்தது. 1996இல் ஸ்டார், 1998இல் புத்ரா, 2003இல் மோனோரயில் எனக் கோலாலம்பூரில் அடுத்தடுத்துப் பாதைகள் எழுந்தன. மூன்றும் தனித்தனி நிறுவனங்களின் சலுகை ஒப்பந்தங்கள். ஸ்டாரும் புத்ராவும் மஸ்ஜிட் ஜாமேக்கில் சந்தித்தன. ஆனால், பயணி ஒன்றிலிருந்து வெளியேறி, மற்றொன்றில் புதிதாகச் சீட்டு வாங்க வேண்டும். மோனோரயில் நிலையமோ கே.எல். சென்ட்ரலின் பெயரைச் சுமந்துகொண்டு, சாலைக்கு அப்பால் நின்றது. 2014இல் நூ சென்ட்ரல் வணிக வளாகம் திறந்த பிறகே இரண்டுக்கும் இடையே நனையாமல் நடக்க முடிந்தது.

இதைத் திட்டமிட்டவர்களின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தன் பாதை தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனம், பயணியை அடுத்த நிறுவனத்திடம் இலகுவாக ஒப்படைப்பதில் எதற்கு அக்கறை காட்டும்? அவ்வளவு செய்தும் கணக்கு நேராகவில்லை. கடனில் மூழ்கிய இரண்டு எல்.ஆர்.டி. பாதைகளையும் 2002இல் அரசின் பிரசரானா நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இரண்டும் ஒரே கைக்கு வந்த பிறகும், மஸ்ஜிட் ஜாமேக்கில் ஒரே சீட்டில் மாறிச் செல்ல 2011 நவம்பர்வரை ஆயிற்று. ஒன்பது ஆண்டுகள்! சுரங்கம் தோண்டக்கூட இவ்வளவு காலம் ஆகாது.

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கு 2010 ஜூலையிலிருந்து கட்டணம் மொத்தப் பயணத் தொலைவைப் பொறுத்தது. பேருந்திலிருந்து ரயிலுக்கு மாறினால் மீண்டும் தொடக்கக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. 2016இல் பேருந்துச் சேவைகள் குத்தகை முறைக்கு மாறின. பயணக் கட்டணம் அரசுக்குச் செல்கிறது. நிறுவனத்துக்கு ஒப்பந்தப்படி சேவைத் தொகை கிடைக்கிறது. ஆகவே ஆள் குறைவான தடத்தைக் கைவிட நிறுவனத்துக்குக் காரணம் இல்லை. “அது சிறிய தீவு, ஒரே அரசாங்கம்” என்று நண்பர்கள் மறுப்பார்கள். உண்மைதான். நம் நாட்டில் பேருந்து உரிமம் மத்திய அரசிடம், நிலம் மாநிலத்திடம், நிறுத்தமும் நடைபாதையும் நகராண்மைக் கழகத்திடம். நிலையத்தின் வாசலுக்கும் பேருந்தின் படிக்கும் இடைப்பட்ட நூறு மீட்டர் யாருடையது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 2010இல் ஸ்பாட் எனும் தரைப் பொதுப் போக்குவரத்து ஆணையம் அமைக்கப்பட்டது. 2019இல் அது கலைக்கப்பட்டு, அதன் பணிகள் போக்குவரத்து அமைச்சின் கீழ் சென்றன. என்னைப் பொறுத்தவரை அது பின்னோக்கிய அடி.

முன்னேற்றமே இல்லை என்று சொன்னால் நியாயமாகாது. 2016 இறுதியில் காஜாங் எம்.ஆர்.டி. பாதை திறந்தபோது, நிலையங்களை அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளோடு இணைக்கும் சிறு தடப் பேருந்துகளும் கூடவே ஓடின. கட்டணம் ஒரு ரிங்கிட். 2018 டிசம்பரில் 100 ரிங்கிட் மாத அட்டை வந்தது. பின்னர் அதுவே 50 ரிங்கிட் ஆனது. எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேப்பிட் பேருந்து எல்லாம் அதில் அடக்கம். ஆனால் கிள்ளானையும் சிரம்பானையும் தலைநகரோடு இணைக்கும் கொமியூட்டர் அதில் சேர்க்கப்படவில்லை. தொலைவிலிருந்து வருபவர்தாம் அதிகம் மாறுகிறார். அவருக்குத்தான் சலுகை எட்டவில்லை.

கிள்ளானை நோக்கித் திட்டமிடப்பட்ட ஷா ஆலம் எல்.ஆர்.டி. பாதையிலும் இதே கதை. 2018இல் செலவைக் குறைக்க ஐந்து நிலையங்கள் கைவிடப்பட்டன. அவற்றுள் புக்கிட் ராஜா, பண்டார் பொட்டானிக் இரண்டும் கிள்ளான் பக்கத்தவை. 2023 அக்டோபரில் வரவு செலவுத் திட்டத்தின்வழி அவை மீண்டும் சேர்க்கப்பட்டன. கணக்கேட்டில் ஒரு நிலையத்தை அடிப்பது எளிது. அங்கு வீடு வாங்கியவர், பிறகு கார் வாங்குவார்.

அண்மையில் என் அண்ணன் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. எந்த வழியாகப் போகலாம் என்று கைப்பேசியில் தேடிக் காட்டினாள். ரயில் புறப்படும் நேரம் நிமிடக் கணக்கில் இருந்தது. நிலையத்திலிருந்து வளாகம்வரை மட்டும் ஒரு புள்ளிக்கோடு, ஆறு தட நெடுஞ்சாலையின் குறுக்கே போனது.

“சித்தப்பா, இங்க எப்படி நடக்கிறது?” என்றாள்.