ஆறுமணிக் குருவியும் அறிவோடு கூடிய அருளும்

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசித் திங்களின் ஒரு காலையில், எங்கள் வீட்டுத் தோட்டத்தில் சிறு பறவை ஒன்று விழுந்து கிடந்தது. காகங்கள் அதனைச் சூழ்ந்து கொத்தின. நாங்கள் அவற்றை விரட்டி, பறவையைக் கையில் ஏந்தி, இரக்க மிகுதியால் அலகைத் திறந்து நீர் புகட்டினோம். சிறிது நேரத்தில் அது உயிர் நீத்தது. அவ்வாறு புகட்டும் நீர் மூச்சுக்குழலினுள் இறங்கிவிடக்கூடும் என்பதைப் பின்னரே அறிந்தோம். எங்களிடம் அருள் இருந்தது, அறிவு இல்லை.

நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் ஆகிய மும்மணிகளும் ஒன்றுகூடியே வீட்டுநெறியாகும் என்பது நம் சமயத்தின் அடிப்படை. அப்பெரும் பொருளோடு இச்சிறு செய்தியை ஒப்பிடுதல் நம் நோக்கமன்று. ஆயினும் கண்டு, அறிந்து, ஒழுகுதல் என்னும் முறை ஓர் உயிரைப் பேணுதற்கும் வேண்டுவதே.

காண்டல்

அப்பறவை ஆறுமணிக் குருவி. பொன்னுத்தொட்டான் என்றும் கூறுவர். ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் நீளமுடையது. முதுகு பச்சை, தோளில் ஒளிரும் நீலம், தொண்டை வெண்மை, மார்பு வெளிர்மஞ்சள், அடிவயிறு செந்நிறம். கண்ணின் குறுக்கே அகன்ற கரும்பட்டை ஓடும். வால் மிகக் குட்டையானது. வடநாட்டார் இதனை ‘நவரங்’ என்பர். ஒன்பது வண்ணம் என்பது பொருள்.

நீல நிறம் கண்டு பலர் இதனை மீன்கொத்தி என மயங்குவர். மீன்கொத்தியின் அலகு நீண்டது, கால் குட்டையானது. ஆறுமணிக் குருவியோ நீண்ட கால்களால் தரையில் தத்திச் சென்று, சருகுகளைப் புரட்டி இரை தேடும். கொண்டைக்குருவிக்கும் வாலடி சிவப்பே. ஆனால் அதன் தலை கருமை, வால் நீளம். 1766ஆம் ஆண்டில் இப்பறவைக்கு அறிவியற்பெயர் சூட்டிய லின்னேயஸ் இதனைக் காக்கை இனத்தோடு சேர்த்தார். ஆதலின் முதற்பார்வையில் தவறுதல் இழுக்கன்று, திருத்திக்கொள்ளாமையே இழுக்கு.

அறிதல்

இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் மழைக்காலத்தில் இது குஞ்சு பொரிக்கிறது. நம் துறவியர் ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாஸ்யம் நோற்கும் காலமும் அதுவே. அந்நோன்பு நிறைவுறும் நாட்களை ஒட்டி, தென்னாட்டிற்கும் இலங்கைக்கும் இது வந்து சேர்கிறது. வைகறையிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கையாய் ஒலிப்பதால் ஆறுமணிக் குருவி எனப் பெயர் பெற்றது.

50 அல்லது 60 கிராம் எடையே உள்ள இவ்வுயிர், நெடுந்தொலைவை இரவில் பறந்தே கடக்கிறது. விளக்கொளியில் வழி மயங்கிக் கண்ணாடிகளில் மோதுவதும், களைத்து முற்றங்களில் வீழ்வதும் இதனாலேயே.

ஒழுகல்

வீழ்ந்த பறவையைக் காகம், பூனையிடமிருந்து காத்து, துணி விரித்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடுக. நீரோ, பாலோ, சோறோ புகட்டற்க. இருளும் அமைதியுமே அதற்கு மருந்து. இரண்டு மணி நேரத்தில் தெளிந்து எழுந்து நின்றால், புதர் நிழலில் பெட்டியைத் திறந்துவிடுக. காயம் இருப்பின் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையினரிடமோ ஒப்படைக்க. கூண்டில் வளர்த்தல் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்கும் நம் அறத்திற்கும் புறம்பானது.

தோட்டத்துச் சருகுகளைக் கொளுத்தாதீர்கள். அவற்றுள் எண்ணற்ற சிற்றுயிர்கள் வாழ்கின்றன. விருந்தாய் வரும் இப்பறவையின் வாழ்வும் அச்சருகையே சார்ந்தது.

‘புழு பூச்சியைத் தின்னும் பறவையைக் காப்பது அறமாகுமா?’ எனச் சிலர் வினவுவர். இரை தேடுதல் அதன் இயல்பு. கொல்லாமை நோன்பை ஏற்றவர்கள் நாம். ஐம்பொறி பெற்ற ஓருயிர் நம் வாயிலில் வீழ்ந்து கிடக்கையில், நம் கடமையையே நாம் நோக்க வேண்டும்.

சிறுவர்க்கான வினாக்கள்

1. மீன்கொத்திக்கும் ஆறுமணிக் குருவிக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டு கூறுக.
2. களைத்த பறவைக்கு நீர் புகட்டலாகாது என்பது ஏன்?
3. வரும் ஐப்பசியில் அந்தி ஆறு மணிக்கு உங்கள் தோட்டத்தில் கேட்கும் ஒலிகளைக் குறித்து வைக்க.